வைலேக்குப் போன காளான் கறி

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் போன் எடுத்துக் கேட்டீர்கள். ஊருக்குப் போய்விட்டாளா? ஆசிரியரோடு சண்டையா? இரண்டும் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை... என் கணவருக்குத்தான்.

ஆசிரியர் எனக்குத் தந்த தலைப்பு ‘இலையுதிர்காலத்தை எளிமையாக அனுபவிப்பது எப்படி?’ என்பது. அதை எழுத உட்கார்ந்த சனிக்கிழமைதான் எல்லாம் நடந்தது. முதல் வரியை மட்டும் எழுதி வைத்திருந்தேன் — ‘வெளியே போங்கள், காடு உங்களை அழைக்கிறது.’ பிறகு அந்த வரியை நானே அழித்துவிட்டேன்.

நமக்கும் இலையுதிர்காலத்துக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததா? டேனிஷ்காரர் முதல் மஞ்சள் இலையைக் கண்டதும் மெழுகுதிரி வாங்குகிறார்கள். நாம் குளிர்கால டயரை எங்கே வைத்தோம் என்று தேடுகிறோம். அவர்கள் காட்டுக்குள் நடக்கப் போகிறார்கள். நாம் விற்றமின் டி குளிசையைப் போட்டுக்கொண்டு ஜன்னலால் எட்டிப் பார்த்து, ‘இனி ஆறு மாதத்துக்கு இருட்டுத்தான்’ என்று பெருமூச்சு விடுகிறோம். நான் டென்மார்க்கின் இந்தச் சின்ன ஊர் பிராண்டேக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். ஒவ்வொரு வருடமும் இதே பெருமூச்சுதான்.

இந்த வருடம் என் கணவர் ரவி திருந்தினார். திருந்தியது யாரால்? ஹென்ரிக்கால்.

ஹென்ரிக், காற்றாலைத் தொழிற்சாலையில் இவரோடு வேலை செய்பவர். இலை பழுக்கத் தொடங்கினால் கூடையும் சின்னக் கத்தியுமாகக் காட்டுக்குப் போய்விடுவார். காளான் பிடுங்கிக்கொண்டு வந்து, வெண்ணெயில் வதக்கி, பாண் துண்டில் வைத்துச் சாப்பிடுவாராம். இந்தக் கதையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வருடக்கணக்காகக் கேட்டு இவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஹென்ரிக் ஒரேயொரு வகை மஞ்சள் நிறக் காளானை மட்டுமே பிடுங்குவார், மற்ற எதையும் தொடமாட்டார் என்பதை மட்டும் இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று புரட்டாதிக் கடைசிச் சனி. பள்ளிக்கூடங்களின் இலையுதிர்கால விடுமுறை தொடங்கும் நாளும் அதுதான். சனி விரதம் என்றால் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி, எந்த மச்சமும் இல்லை. மச்சம் இல்லாத நாளில்தானே நாக்கு மச்சம் மாதிரி ஒன்றைக் கேட்கும்? காளான் என்றால் விரதமும் கெடாது, நாக்கும் கோபிக்காது.

காலையில் இவரும் தேவன் அண்ணையும் காட்டுக்குப் போனார்கள். தேவன் அண்ணை முன்பு இவரோடு வேலை செய்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். மனைவி காலமான பிறகு பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் தனியாக இருப்பதால், சனிக்கிழமைகளில் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். நல்ல மனிதர். ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டு பேரும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் கொட்டினார்கள். வெளிறிய குடைகள், மேலே லேசாகப் பச்சை படர்ந்தமாதிரி. சில இன்னும் விரியாமல் முட்டை போல இருந்தன. ஓக் மரங்களுக்குக் கீழே வரிசையாக நின்றனவாம்.

“நிச்சயமா அண்ணை? இது சாப்பிடுறதோ?” என்று கேட்டேன்.

“என்ன தங்கச்சி இப்பிடிக் கேக்கிறீர்? ஊரில வைக்கல் போரடியில முளைக்கிறது இதுதான். இஞ்ச பாரும், அடியில கிண்ணம் மாதிரி ஒரு கோது. இதைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு சமைக்கலாம்.”

“நிறம் கொஞ்சம் வேற மாதிரி...”

“குளிருக்கு நிறம் மாறும்தானே. நாங்களே மாறேல்லையோ?”

என் முகத்தில் சந்தேகம் போகவில்லை என்று கண்டு, அவரே ஒரு பரிசோதனையும் சொன்னார். “மஞ்சளும் உள்ளியும் போட்டு அவியும். உள்ளி கறுத்தால் நஞ்சு. கறுக்காட்டிக் கறி.”

அவித்தேன். உள்ளிப்பூண்டு கறுக்கவில்லை. பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. அதன் பிறகு கறித்தூள், தேங்காய்ப்பால், கருவேப்பிலை எல்லாம் போட்டு நல்ல பிரட்டலாக வைத்தேன்.

புரட்டாதிச் சனியில் காகத்துக்கு வைக்காமல் நாங்கள் சாப்பிடுவதில்லை. எங்கள் தோட்டத்துக்கு வருவது சாம்பல் உடம்பும் கறுப்புத் தலையுமான டேனிஷ் காகம். சனீஸ்வரன் இதையும் தன் வாகனமாக ஏற்றுக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை வருடமும் வைக்கிறோம். சோறு, பருப்பு, மேலே கொஞ்சம் காளான் கறி. வந்தது, கொத்தியது, பக்கத்து வீட்டுக் கூரையில் போய் உட்கார்ந்து அலகைத் துடைத்தது.

“பாத்தீரோ? சனீஸ்வரனே சரியெண்டிட்டார்” என்றார் தேவன் அண்ணை.

சாப்பிட்டார்கள். இவர் மூன்று தரம் கறி போட்டார். தேவன் அண்ணைக்குச் சீனி வருத்தம், அளவோடுதான் சாப்பிடுவார். பன்னிரண்டாம் வகுப்பு வயதில் இருக்கும் எங்கள் மகள் மதுராவுக்குக் காளானைக் கண்டாலே அருவருப்பு. பருப்போடு முடித்துக்கொண்டாள்.

நானா? சமைத்தவள் கடைசியில் சாப்பிடுவது என்று ஒரு பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதைத் திட்டி இதே பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு வீட்டில் அதையேதான் செய்கிறேன். என் முறை வந்தபோது சட்டியில் கொஞ்சம் இருந்தது. அப்போதுதான் தேவன் அண்ணை சுதாவின் பேச்சை எடுத்தார்.

சுதா அவருடைய ஒரே மகள். தெற்கே, வைலே நகரில் இருக்கிறாள். ஏழு மாதம். அன்று பின்னேரம் அவளிடம்தான் போகிறாராம். “பிள்ளை காளான் கறி காளான் கறியெண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கெங்க சமைக்கத் தெரியும்?” என்றார்.

கர்ப்பிணிப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது. விடுவேனா? சட்டியை வழித்து ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு, மூடியை இறுக்கி, அவர் கையில் கொடுத்தேன். உமக்கு இல்லாமல் போகும், வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் காரில் ஏறிப் போனார். நான் சொதியும் கத்தரிக்காயும் போட்டுச் சாப்பிட்டேன்.

இவர் சோபாவில் சாய்ந்தபடி, காலையில் எடுத்த படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார். மேசை நிறையக் காளான், பின்னால் இரண்டு ஆண்களின் வெற்றிச் சிரிப்பு. போட்டுக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஹென்ரிக்.

பாராட்டப்போகிறார் என்று நினைத்து இவர் எங்களுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். ஹென்ரிக் வணக்கம்கூடச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றார் இவர். பிறகு மிக மெதுவாக, எவ்வளவு சாப்பிட்டாய் என்று கேட்டார்.

அந்த இரண்டாவது கேள்வியில்தான் நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

“இவங்களுக்கு எல்லாத்துக்கும் பயம். எனக்கு ஒண்டும் செய்யேல்லை” என்று இவர் தமிழில் என்னிடம் சொன்னார். மதுரா அதை டேனிஷில் ஹென்ரிக்குக்குச் சொன்னாள். ஹென்ரிக் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்தக் காளானைச் சாப்பிட்டவருக்கு இப்போது ஒன்றும் செய்யாதாம். அதுதான் அதன் குணமாம். செய்யத் தொடங்கும்போது அது ஈரலுக்குப் போயிருக்குமாம்.

நான் தோட்டத்துக்கு ஓடினேன். எதற்கு? காகத்தைப் பார்க்க. கூரையில் இல்லை. அடுத்த தெருவில் இரண்டு காகங்கள் நின்றன. அதில் ஒன்று எங்கள் காகமா? எப்படித் தெரியும்? காகத்துக்கு முகம் இருக்கிறதா என்ன? புல்லில் நின்று, ஒரு காகம் உயிரோடு இருக்க வேண்டும் என்று கும்பிட்டேன்.

உள்ளே மதுரா உணவுக் கழிவுப் பையைக் கிளறிக்கொண்டிருந்தாள். காளான் என்றால் அருவருக்கும் பிள்ளை, நான் வெட்டி எறிந்த அடிகளை வெறும் கையால் பொறுக்கிக் கழுவி, கடுதாசியில் வரிசையாக வைத்துப் படம் எடுத்தாள். நஞ்சு பற்றி ஆலோசனை சொல்லும் போன் இலக்கத்துக்கு அழைத்தாள். ஒரு பெண் பேசினார். பதற்றமே இல்லாத குரல். எனக்கு அந்த நிதானம்தான் இன்னும் பயமாக இருந்தது.

அடியில் கிண்ணம் மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றாள் மதுரா. குடைக்குக் கீழே வெள்ளையா? ஓம். காம்பில் ஒரு வளையம்? ஓம். அப்படியானால் உடம்புக்கு வருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அந்த அடிகளையும் கொண்டுபோங்கள் என்றார். உள்ளி கறுக்கவில்லையே என்று நான் குறுக்கே சொன்னேன். உள்ளிக்கும் நஞ்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றார். காகம்? காகத்துக்கும் இல்லை.

தேவன் அண்ணை பிழையான அடையாளம் சொல்லவில்லை, வாசகர்களே. அந்தக் கிண்ணம், அந்த முட்டை, எல்லாம் சரி. அங்கே அது சோற்றுக்குக் கறி. இங்கே அதே கிண்ணத்தோடு வேறொன்று முளைக்கிறது. நாம் கொண்டுவந்த அறிவு சரியானதுதான்... நாடுதான் வேறு.

அந்தப் பெண் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். வேறு யாராவது சாப்பிட்டார்களா? வேறு எங்காவது அந்தக் கறி இருக்கிறதா?

ஐஸ்கிரீம் பெட்டி.

மதுரா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள்.

தேவன் அண்ணைக்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை. கார் ஓடும்போது போனைத் தொடாத மனிதர். மற்ற நேரத்தில் அதை நான் மெச்சியிருப்பேன். சுதாவுக்கு அடித்தோம். அடித்து அடித்து ஓய்ந்தது. செய்தி அனுப்பினோம், பார்க்கவில்லை. சுதாவின் கணவன் மிக்கெல் டேனிஷ்காரன், கல்யாணம் நடந்து ஒரு வருடம்தான். அவனுடைய இலக்கம் எங்களிடம் இல்லை.

இவரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஹேர்னிங் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பின் சீட்டில் மதுரா விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இவர், வயிற்றில் கையை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார். அந்த வழியெங்கும் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக எவ்வளவு அழகாக இருந்தன என்று பிறகு மதுரா சொன்னாள். நான் ஒரு இலையைக்கூடப் பார்க்கவில்லை.

என் மண்டைக்குள் ஓடியதெல்லாம் ஒன்றுதான். வைலேயில் ஒரு பெண் மூடியைத் திறக்கிறாள். மணம் பார்க்கிறாள். கொஞ்சம் சோறு போடுகிறாள்... ஏழு மாத வயிற்றோடு. வற்புறுத்திக் கொடுத்தது நான்.

மதுரா எப்படியோ இன்ஸ்டாகிராமில் மிக்கெலைக் கண்டுபிடித்து அங்கேயே அழைத்தாள். எடுத்தான். நான் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டேன்.

மாமா வந்துவிட்டார், சோபாவில் படுத்திருக்கிறார் என்றான். சுதா மேலே நித்திரை என்றான். மாமா ஒரு பெட்டி தந்தாரா என்று மதுரா கேட்டாள். ஓம், ஐஸ்கிரீம் தந்தார், சுதாவுக்கு என்றார், உருகிவிடும் என்று உடனே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன் என்றான்.

மதுரா அழத் தொடங்கினாள். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. யோசித்துப் பாருங்கள். ஒரு தமிழ் மருமகனாக இருந்திருந்தால்? ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருக்காது என்று நம் வீட்டில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சூடாக்கி, ‘அப்பா கறி கொண்டுவந்திருக்கிறார்’ என்று பெண்டாட்டியை எழுப்பியிருப்பான். சுதா டேனிஷ்காரனைக் கட்டுகிறாள் என்று அறிந்தபோது முகம் சுளித்தவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் தேவன் அண்ணை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று நின்றார். மிக்கெல் போனை அவரிடம் கொடுத்தான்.

“எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. சும்மா ஆக்களைக் குழப்பாதையும். காளான் திண்டு ஆஸ்பத்திரிக்குப் போனானெண்டு சனம் அறிஞ்சால் என்ன கதைக்கும்?”

“அண்ணை, இவரும் நல்லாத்தான் இருக்கிறார். நல்லா இருக்கேக்கையே போகவேணுமாம்.”

“நான் கொஞ்சம்தானே சாப்பிட்டனான்.”

அப்போது பின்னால் சுதாவின் குரல் கேட்டது. இந்தக் குழப்பத்தில் எழும்பி வந்திருக்கிறாள். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“நல்லது அப்பா, போக வேண்டாம். ஒண்டும் செய்யாதெண்டால் அந்தப் பெட்டியை எடுத்து நானும் சாப்பிடுறன்.”

போனில் சோபா கிறீச்சென்றது. பிறகு தேவன் அண்ணை, “சப்பாத்து எங்க?” என்று காலணியைத் தேடியது கேட்டது.

அவரை வைலேப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மிக்கெல் கொண்டுபோனான். இவரை எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் வைத்து மருந்துக் கரியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். உதடெல்லாம் கறுப்பு. கையில் மருந்து ஏற்றினார்கள். அந்தக் காளான் அடிகளைப் பார்த்த பிறகு யாரும் எங்களோடு பகிடி விடவில்லை.

அடுத்த நாள் சத்தியெடுப்பும் வயிற்றோட்டமும் தொடங்கின. அதை நான் விவரிக்கப்போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே வாசிப்பவர்கள். ஆனால் உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இவருக்குச் சுகம் வந்தது. எழுந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி கேட்டார். “பாத்தீரே, நீர் சும்மா பயந்தனீர்” என்று சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்து, வாசலில் நின்ற டொக்டரைப் பார்த்தேன். இளம் பெண். அவர் சிரிக்கவில்லை.

வெளியே கூப்பிட்டுச் சொன்னார். இந்த வருத்தத்தில் நடுவில் ஒரு நல்ல நாள் வரும். நோயாளிக்குச் சுகம் வந்ததுபோல இருக்கும். டொக்டர்மாரான எங்களுக்கு அந்த நாளில்தான் பயம் அதிகம்.

இரத்தத்தில் ஈரல் பழுதாவதைக் காட்டும் அளவு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஏறினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும், அங்கே வேறு ஈரல் பொருத்துவது பற்றியும் பேச வேண்டிவரும் என்றார்கள். நான் உள்ளே போய் இவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். மனிதர் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டு, குளிர்கால டயர் மாற்றக் கராஜில் நேரம் எடுத்தாயிற்றா என்று கேட்டார். எடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, வரும் வருடம் இந்த முகம் இருக்குமா என்று நினைப்பது எப்படி இருக்கும் தெரியுமா? தெரியாமலே இருக்கட்டும்.

அளவு ஏறியது. இன்னும் ஏறியது. பிறகு ஒரு காலை, ஏறாமல் நின்றது. அதற்கடுத்த நாள் இறங்கத் தொடங்கியது. டொக்டர் அதைச் சொல்லும்போது முதல் தடவையாகச் சிரித்தார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

தேவன் அண்ணையும் தப்பிவிட்டார். சீனி வருத்தம் காரணமாகக் கொஞ்சமாகச் சாப்பிட்டது அவரைக் காப்பாற்றியதாம். அவர் பயந்ததுபோலவே சனம் கதைத்தது. எனக்கு வந்த போன்களில் பாதி சுகம் விசாரிக்க, மீதி விவரம் கேட்க. எந்தக் காடு? எத்தனை கிலோ? ஹேர்னிங்கிலிருந்து ஒருவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு மறுபடி பயம் பிடித்தது. “நாங்களும் போன வருசம் பிடுங்கிச் சாப்பிட்டனாங்கள், ஒண்டும் செய்யேல்லையே.” அதனால் இந்த வருடமும் போவார்களாம்.

தயவுசெய்து போகாதீர்கள். இல்லை... போங்கள், நடந்துவிட்டு வாருங்கள். தலைப்புக்குரிய ஆலோசனை இதுதான், ஆசிரியர் கோபிக்கக் கூடாது. இலையை மிதித்துச் சத்தம் கேளுங்கள். மூக்குச் சிவக்கும்வரை நில்லுங்கள். காளானைக் கண்டால் குனிந்து பார்த்துப் படம் எடுங்கள், அது அங்கேயே நிற்கட்டும். கறிக்கு வேண்டுமென்றால் கடையில் பெட்டியில் விற்கிறது, ருசி இல்லைதான், ஆனால் அடுத்த நாள் நீங்கள் இருப்பீர்கள். வீட்டுக்கு வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் ஆளை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். இவ்வளவுதான், வேறு வழிகள் எனக்குத் தெரியாது.

போன கிழமை இவர் வீட்டுக்கு வந்தார். மெலிந்து, கன்னம் ஒட்டி. உப்புக் குறைத்து, எண்ணெய் இல்லாமல், குழைந்த சோறும் பருப்பும் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, மதுரா இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“சொல்லக் கூடாதுதான்... ஆனால் இவ்வளவு காலமும் நீர் வைச்ச கறியளுக்குள்ள அந்தக் காளான் கறிதான் திறம்.”

அன்று தொடக்கம், இவர் என் சமையலைப் புகழ்ந்தால் எனக்கு நெஞ்சு பக்கென்கிறது.